பார்த்தவர் சொல்ல வேண்டும்

அந்த அறையில் கண்டதைப் பற்றிப் பிரம்மநாயகம் தன் மனைவியிடம் பொய் சொன்னார்.

அதற்கு முன் அவளிடம் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. வேகாத வெயிலில் மார்க்கெட்டுக்கு நடந்து போய்விட்டு ஆட்டோவில் போனதாகச் சொல்லியிருக்கிறார். தெருமுனைக் கடையில் சர்க்கரை போட்ட காபியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். எல்லாம் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடிபட்டுப்போன பொய்கள். இது ஒன்றுதான் பிடிபடவில்லை.

பரமகல்யாணி குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள். திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் பல வருடங்களாக அவளுடையது. சொற்களைப் பிய்த்து மாற்றி ஒட்டுவதே வேலையாக இருந்தவளுக்குக் கணவனின் முகத்தில் ஒரு கோடு இடம் மாறியிருந்தால் தெரியாமலா போகும்? மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிரம்மநாயகத்தை அவள் புதிரில்கூட விட்டுவைத்ததில்லை. 'ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு வீட்டு இருட்டில் சட்டையைத் தேடுபவர், நான்கெழுத்து' என்று ஒரு வாரம் போட்டாள். விடை, கணவர். பாளையங்கோட்டையில் தெரிந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவளுடைய நாக்குதான் காலை முதல் ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியில் துணி காயப்போடப் போனவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்து மாற்றினால் நன்றாக இருப்பார், மாற்றாவிட்டால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஷமீலா, இருவரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

"வயசானவங்களுக்குப் பெரிய ஆபரேஷன் பண்ணினா உடம்பு தேறிடும். ஆனா சில பேருக்கு மூளை தேறாதுங்கம்மா. மயக்க மருந்து மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. அறுத்துத் தைக்கும்போது உடம்பு முழுக்க ஒரு கொதிப்பு வரும், அது மூளைக்கும் போகும். பல பேருக்கு நாளாக ஆகத் தெளிஞ்சிடும். சில பேருக்குத் தெளியாம அப்படியே நின்னுபோகும்."

"நான் எந்தக் கூட்டத்துல இருப்பேன்?" என்று கல்யாணி கேட்டாள்.

"அதைத்தான் முன்கூட்டியே பாக்கப் போறோம்."

அதற்கு முன்காட்சி என்று பெயர். ஊரில் 'ட்ரையல் பார்ப்பது' என்றார்கள். தலையில் ஒரு குல்லாயும் மூக்கில் ஒரு முகமூடியும் வைத்து மருந்துக் காற்றைக் கொடுப்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து மூளை எப்படி இருக்குமோ அப்படியே ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது எதுவும் நோயாளிக்கு நினைவிருக்காது.

வீடியோ எடுத்துக் காட்டலாமே என்று பிரம்மநாயகம் கேட்டார். ஆரம்பத்தில் எடுத்தார்களாம். அதைத் தூக்கிக்கொண்டு சில பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய், அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று நிரூபித்து வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனால் கேமராவுக்குத் தடை வந்தது. ஆபரேஷனால் லாபம் அடைகிறவர்கள் என்பதால் டாக்டர்களும் நர்சுகளும்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று ஆயிற்று. கூடவே வாழ்கிற ஒருவரோ நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரோ மட்டும் உட்காரலாம்.

"பாத்தவங்க சொல்லணும். அதைக் கேட்டுட்டுத்தான் நோயாளி கையெழுத்துப் போடணும். சட்டம் அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாணி தன் சட்டத்தைச் சொன்னாள். "என் தலை போயிட்டுதுன்னா இந்த உடம்ப வச்சுக்கிட்டு என்ன செய்ய? கொஞ்ச காலம்னாலும் என் புத்தியோட இருந்துட்டுப் போறேன். பாத்ததப் பாத்தபடி சொல்லணும். எனக்காகப் பாவப்படக் கூடாது, கேட்டியளா?"

அவர் தலையாட்டினார்.

ட்ரையல் அன்று, மருந்து கொடுத்து முடிந்ததும் முகமூடியை எடுத்துவிட்டு நர்சு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்த கல்யாணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். ஆனால் அவர் அறிந்த கல்யாணி காரணமில்லாமல் சிரிக்க மாட்டாள். அவர் டீயை ஆற்றிக் கையில் கொடுத்தார். டம்ளரைப் பிடித்துக்கொண்டே, டீ இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். குடிக்கச் சொன்னார், குடித்தாள். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் சொன்ன ஒரு காரியத்தையும் முதல் தடவையிலேயே செய்யாதவள், அன்றைக்கு எல்லாவற்றையும் செய்தாள்.

அந்த வாரம் அவள் போட்டு அனுப்பியிருந்த புதிர் ஒன்றை அவர் மனப்பாடம் செய்து வந்திருந்தார். "கல்யாணி, இதுக்கு விடை சொல்லு. மூணெழுத்து. தலையை எடுத்தா உடைக்கலாம். நடுவை எடுத்தா கடிக்கலாம். முழுசா இருக்கும்போது தூங்குறவன் சோம்பேறி."

அவள் கவனமாகக் கேட்டாள். கல், பல், பகல் என்று அவர் விரலை மடக்கி விடையையும் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கே. யாரு போட்டது?"

மீதி நேரம் முழுவதும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சத்தமாக பேச கூடாது' என்று ஒரு போர்டு மாட்டியிருந்தது.

மருந்து தெளிந்ததும் கல்யாணி கண்ணைத் திறந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிய? உள்ள என்ன கூத்து நடந்தது?"

குரல் திரும்பிவிட்டது. அந்தக் குரல் இல்லாத வீட்டை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு வரப்போகும் வீடு. சாவியைப் போட்டுத் திறந்தால் எங்கே போனீர்கள் என்று கேட்க ஆள் இல்லாத வீடு. யோசித்து முடிவு செய்தார் என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது.

"கூத்து ஒண்ணுமில்ல. பகல்ல தூங்கி எழுந்தா கொஞ்சம் மந்தமா இருப்பியே, அப்படி இருந்த."

"புதிர் கேட்டியளா?"

"கேட்டு முடிக்கல, சொல்லிட்ட. அது போதாதுன்னு அந்தப் போர்டுல ஒரு ஒற்று விட்டுப்போச்சுன்னு புலம்பிக்கிட்டே இருந்த."

அவள் தலையைத் திருப்பிப் போர்டைப் பார்த்தாள். "ஒண்ணா? ரெண்டுல்லா போயிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. தன்னைப்போல் ஒருத்தியைத்தான் அவர் உள்ளே பார்த்திருக்கிறார் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பேனாவைக் கேட்டாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கல்யாணி இப்போது மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். ஏறிய பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெளிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். தெளியாது என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்த அறையில் பார்த்தவளையே அவர் தினமும் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு, அதே கீழ்ப்படிதல். அவள் அழவில்லை, கத்தவில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். அவள் ஒருமுறை தட்டைத் தள்ளிவிட்டு ஏசமாட்டாளா என்று அவர் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்துப் பார்த்த நாளும் உண்டு. அன்றைக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

பத்திரிகையில் அவளுடைய பக்கம் போய்விடக் கூடாது என்று அவரே புதிர் போட்டு அவள் பெயரில் அனுப்பினார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, கட்டங்கள் பொருந்தவில்லையே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அத்தோடு பிரம்மநாயகம் புதிர் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை எதிரில் போய் உட்கார்ந்தார். ஆனால் என்னவென்று சொல்வது? நான் பொய் சொன்னேன் என்றால், எதைப் பற்றி என்று கேட்பாள். உன் புத்தி மங்கிவிட்டது, இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வேண்டும். அவளுக்கோ தான் மங்கிப்போனது தெரியாது. அதையும் தன் வாயால் சொல்லி அவளை அழவைக்க வேண்டுமா? அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஷமீலா வெகுநேரம் கல்யாணியோடு பேசிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ட்ரையல்ல இப்படி இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தா."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். அப்படியானால் மிஷின்தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்றார். பிரம்மநாயகம் மறுக்கவில்லை.

அந்தச் சொல் அங்கேயே நின்றிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அடுத்த தடவை போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண், டாக்டர் ஷமீலாவிடம் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன். ட்ரையலில் அவர் மகளையே அடையாளம் தெரியாமல் இருந்தாராம். இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வேன், சொன்னால் வேண்டாம் என்றுதானே சொல்வார் என்று கேட்டாள். டாக்டர் அவளைத் தேற்றினார். மிஷின் காட்டுவது அப்படியே நடக்கும் என்று இல்லை, மாறியும் நடக்கும் என்றார். சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் பிரம்மநாயகம் பட்டார். "இவங்க வீட்டம்மாவுக்கே மிஷின் காட்டினது வேற, நடந்தது வேற."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "அப்படியாங்க?"

பக்கத்தில் கல்யாணி சேலை முந்தானையின் நூலை உருவிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வருடங்கள் போயின. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், அவருடைய வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருப்பது தெரிந்தது. அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். வெடித்தால் ஆஸ்பத்திரி வரைகூடத் தாங்காது. வீக்கம் இருந்த இடம் அப்படி, வயிற்றைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும். அவர் வயதுக்கு ட்ரையல் பார்க்காமல் முடியாது.

யார் உட்காருவார்கள் என்று டாக்டர் ஷமீலா கேட்டார். அக்காள் மகன் செண்பகராமன் வள்ளியூரிலிருந்து வந்து வெளியே நின்றிருந்தான். அவனைச் சொல்வார் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

"என் வீட்டுக்காரிதான் உட்காரணும்."

"ஐயா, அவங்களால பாத்ததை ஞாபகம் வச்சுச் சொல்ல முடியுமா?"

"கொஞ்சமாவது சொல்லுவா. அவளுக்கு இப்போ பொய் கட்டத் தெரியாது, டாக்டர். எனக்குத் தெரியும். அன்னைக்கு மிஷின் சரியாத்தான் காட்டிச்சு. தப்பாச் சொன்னது நான்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று அவர் எதிர்பார்த்தார். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வராந்தாவுல ஒரு பொண்ணு உங்களைக் கேட்டாளே" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அவ அப்பாகிட்ட நல்லா இருந்தீங்கன்னு சொல்லிட்டா. நான் தைரியம் கொடுத்தேன், நீங்க தலையாட்டினீங்க. இன்னைக்கும் அவ அவரைக் கூட்டிட்டு வர்றா. நர்சம்மான்னு கூப்பிடுறார் அவளை." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவ ஒருத்திகிட்ட மட்டுமா சொன்னேன்."

பிரம்மநாயகத்துக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கல்யாணியை உள்ளே அழைத்துவரச் சொல்லி நர்சை அனுப்பினார்.

முகமூடி வைத்தது நினைவிருக்கிறது. அடுத்து, விட்டத்தில் மின்விசிறி சுற்றியது. நடுவில் ஒன்றுமில்லை. கன்னங்கள் ஈரமாக இருந்தன. காதுவரை ஈரம். கட்டில் பக்கத்தில் கல்யாணி அவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணி, நான் எப்படி இருந்தேன்?"

"அழுதிய" என்றாள்.

"வேற?"

அவள் யோசித்தாள். இப்போதெல்லாம் ஒரு சொல்லை எடுக்க அவளுக்கு நேரமாகும். "பேனாவக் காட்டி இது என்னன்னு கேட்டிய. ஜன்னல் எங்கருக்குன்னு தெரியல. பாத்ரூம் போகணும்னு சொல்லிட்டு அப்படியே நின்னிய. நான்தான் கூட்டிட்டுப் போனேன்." அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதைத்தான் அவர் கேட்டு வாங்கியிருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி.

"எதுக்கு அழுதேன்?"

"பொய் சொன்னேன்னு சொன்னிய. என்ட்ட பொய் சொல்லித்தான் ஆபரேஷனுக்கு அனுப்பினேன்னு. என் புத்தி போகும்னு தெரியும்னு. திரும்பத் திரும்ப அதையே சொன்னிய." அவருடைய முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "என் புத்தி போயிட்டுதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இத்தனை வருடமாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததை, தான் இல்லாத ஒரு மணி நேரத்தில், காவலுக்கு ஆள் இல்லாத வீடு மாதிரித் திறந்துபோட்டிருக்கிறார். அவளுடைய கையை இறுகப் பிடித்தார்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன, கல்யாணி?"

அவள் நெற்றி சுருங்கியது. உதடுகள் ஏதோ ஒரு சொல்லைத் தேடி அசைந்து நின்றன. அவர் அவளுடைய உதட்டையே பார்த்தார். ஏசினாளா? அடிக்கக் கை ஓங்கினாளா? போகட்டும் என்றாளா?

"மறந்துட்டுது" என்றாள் கடைசியில். "என்னமோ சொன்னேன். நிறையச் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்திய. அப்புறம் அழுகைய நிறுத்திட்டிய."

"நல்லதாச் சொன்னியா, கெட்டதாச் சொன்னியா?"

"தெரியலையே" என்றாள். சொல்ல முடியாததற்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது. அவருடைய கையைத் தடவிக்கொடுத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் ஷமீலா வந்தார். அம்மா சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். சொல்லிவிட்டாள் என்றார் பிரம்மநாயகம். பிறகு, அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒருநாளும் ஞாபகம் வராதா என்று கேட்டார்.

அவர் மேலிருந்த வருத்தம் டாக்டரின் முகத்தில் இன்னும் இருந்தது. ஆனாலும் கேட்டதற்குச் சொன்னார். "இப்ப இருக்கிற மூளைக்கு வராது. அந்த நிலைமையில பதிஞ்சது அந்த நிலைமைக்குத்தான் எட்டும். ஆபரேஷன் முடிஞ்சு அதே மாதிரி ஆகிடுறவங்கள்ல சில பேர், அந்த ரூம்ல நடந்ததைத் தானாச் சொல்லியிருக்காங்க. வேற எல்லாம் மறந்திருக்கும், அது மட்டும் இருக்கும். எல்லாருக்கும் இல்ல, ஐயா. சில பேருக்குத்தான்."

பிரம்மநாயகம் எழுந்து உட்கார்ந்தார்.

செண்பகராமனை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றால் மாமா எந்த நிமிடமும் போய்விடலாம், அத்தை தனியாகிவிடுவார். செய்தால் வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். எப்படி இருந்தாலும் தானும் தன் மனைவியும் பாளையங்கோட்டைக்கே குடிவந்துவிடுவதாகச் செண்பகராமன் சொன்னான். முடிவு உங்களுடையது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். யோசிக்க ஒன்றுமில்லை, கல்யாணியைத் தனியாக விட முடியாது, அதனால் செய்துகொள்கிறேன் என்றார் அவர். எல்லோருக்கும் அது சரியான காரணமாகப்பட்டது. அதுவும் பொய் இல்லை.

ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அவரை வராந்தா வழியாகக் கொண்டுபோனார்கள். கல்யாணி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். தடுப்புக் கதவு வந்ததும் நர்சு அவளுடைய கையை மெதுவாக விடுவித்தாள்.

"எங்க போறிய?" என்று கேட்டாள் கல்யாணி.

"அன்னைக்கு நீ சொன்னதக் கேக்கப் போறேன்" என்றார் பிரம்மநாயகம்.

அவள் சரி என்று தலையாட்டினாள். கதவு திறந்தது, வண்டியை உள்ளே தள்ளினார்கள்.